கை மெக்கரா, டிஜிட்டல் மெக்கரா: எதை நம்புவது?

வணக்கம். பல மாதங்கள் சும்மா கிடந்த 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை ஓட்டுவதற்கு முன், கேபிளைக் கழற்றிவிட்டு வைண்டிங்குக்கும் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) பாடிக்கும் இடையே இன்சுலேஷன் எத்தனை மெகாஓம் என்று இரண்டு மெக்கர்களில், அதாவது இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் கருவிகளில், பார்த்தேன். இரண்டு கருவிகளும் 500 வோல்ட்தான். கைப்பிடி சுற்றும் பழைய மெக்கரில் முள் 3 மெகாஓமைத் தாண்டவில்லை. டிஜிட்டலில் பட்டனை அழுத்தியதும் அதே 3. ஆனால் மெல்ல ஏறி ஒரு நிமிடத்தில் 8, பத்து நிமிடத்தில் 10.

முதல் சந்தேகம் என் கை மேல்தான். நிமிடத்துக்கு 160 சுற்று என்று கணக்கு. வோல்ட்டேஜ் நிலைப்படும்படி மெக்கரின் கிளட்ச் வழுக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆனால் இருபது விநாடிக்கு மேல் தோள் ஒத்துழைக்கவில்லை. வோல்ட் கொடுத்ததும் வைண்டிங்கின் இன்சுலேஷன் முதலில் உறிஞ்சும் மின்னோட்டம் அடங்குவதற்குள் நிறுத்திவிட்டதால்தான் இந்த வித்தியாசமா? இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் வைண்டிங்கை எர்த்தோடு இணைத்து டிஸ்சார்ஜ் செய்தேன். ஒருமுறை மறந்ததற்கு விரலில் சுளீரென்று வாங்கியவன் நான்.

என்னை உறுத்துவது வேறொன்று. பத்து நிமிட அளவை ஒரு நிமிட அளவால் வகுத்தால் 1.25தான் வருகிறது. இரண்டுக்குக் கீழே என்றால் ஈரம் என்பார்களே? டெர்மினல் பெட்டியில் எண்ணெய் கலந்த தூசி வேறு அப்பியிருந்தது. துடைத்துவிட்டு இன்னும் அளக்கவில்லை. மெக்கரின் மூன்றாவது முனையான கார்டு (guard) முனையை இணைத்து மேற்பரப்புக் கசிவைத் தனியே பிரித்துப் பார்த்தவர்கள், வயரை எங்கே சுற்றினீர்கள்? உள்ளே பல்பு எரியவிட்டு உலர்த்துவதென்றால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பீர்கள்? சூட்டோடு அளந்தால் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் கேட்கிறேன்.