வீட்டுக்கே வந்து எடுக்கும் ஹார்மோன் டெஸ்ட்: நல்லதா, வீண் செலவா?

மதுரை மல்லி:
எனக்கு 29 வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருகிறது, முடியும் கொட்டுகிறது. வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப்போகும் 'பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்' ஒன்று ஞாயிறு வரை தள்ளுபடியில் இருக்கிறது. டிஎஸ்எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின் (பால் சுரக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்எச், எல்எச் (இரண்டும் சினைப்பையை இயக்குபவை), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டுவது) எல்லாம் உண்டாம். டாக்டரைப் பார்க்கும் முன்பே எடுத்துவிடலாமா?

கோவை சரவணன்:
தாராளமாக எடுங்கள். அம்மாவின் தைராய்டுக்கு நாங்கள் எப்போதும் வீட்டில்தான் எடுக்கிறோம். முட்டி வலியோடு மாடி ஏறி, டோக்கன் வாங்கி, வெறும் வயிற்றில் காத்திருக்கும் பாடு இல்லை. டாக்டரிடம் போனாலும் முதலில் இதைத்தான் எழுதித் தரப்போகிறார். ரிப்போர்ட்டோடு போனால் ஒரு தடவை ஃபீஸ் மிச்சம்.

லேப் அக்கா:
தம்பி, அம்மாவுக்கு எடுப்பது ஏற்கெனவே தெரிந்த நோய்க்கு, டாக்டர் சொன்ன டெஸ்ட். மல்லி கேட்பது வேறு.

மல்லி, எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் பீரியட்ஸ் வந்த 2-ஆம் நாளிலிருந்து 5-ஆம் நாளுக்குள் எடுத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புக் செய்யும்போது முகவரி கேட்பார்கள், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்பார்கள். இன்று எத்தனையாவது நாள் என்று கேட்க மாட்டார்கள். தூங்கி எழுந்த உடனே எடுத்தால் புரோலாக்டின் கூடுதலாகக் காட்டும், ஊசி பயத்திலும் ஏறும். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் மாத்திரையும் ஏற்றிவிடும்.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்கிறீர்களே, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறீர்களா? உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்பதில் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. சில மெஷின்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனைக் கூட்டியும் காட்டும். இல்லாத ஹைப்பர் தைராய்டு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்த விஷயம் இது.

கோவை சரவணன்:
சரி, இத்தனையும் லேபுக்கு நடந்து போனாலும் இருக்கிற பிரச்சினைதானே? வீட்டில் எடுப்பதில் என்ன தப்பு?

லேப் அக்கா:
ஊசியை எங்கே குத்தினாலும் ஒன்றுதான். நான் சண்டை போடுவது பேக்கேஜோடு. ஆனால் எடுத்த ரத்தம் பையில் மதியம் வரை ஊர் சுற்றக் கூடாது. டிஎஸ்எச் தாங்கும். இன்சுலின் அப்படியில்லை, ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்தால் அளவு குறைந்துவிடும். ஏசிடிஎச் என்ற பிட்யூட்டரி ஹார்மோனுக்கு ஐஸே வேண்டும். எத்தனை மணிக்கு லேபுக்குப் போய்ச் சேரும், லேபின் தரத்துக்குத் தரும் என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

தேனி ராஜா:
ஆண்களுக்கும் இதே கதைதான். அசதி என்று ஒரு மாலை நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தேன், குறைவு என்று வந்தது. ரிப்போர்ட்டோடு சேர்த்து ஏதோ பவுடர் விளம்பரமும் அனுப்பியிருந்தார்கள்! டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு தடவை எடுக்கச் சொன்னார். இரண்டுமே நார்மல்.

தஞ்சை வெண்ணிலா:
எல்லாரும் டாக்டரிடம் போ என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண் மகளிர் மருத்துவர் வாசலில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவளுக்கு இந்த வீட்டு டெஸ்ட்தான் ஒரே வழி. அப்புறம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) கண்டுபிடிக்க ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்எச் பார்க்கலாம் என்று 2023 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறதே அக்கா?

லேப் அக்கா:
சொல்கிறது, வயதுவந்த பெண்களுக்கு. ஆனால் ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அல்லது ஏஎம்எச்சில் தெரியும் மாற்றம் என்ற மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் கோளாறு இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். ஏஎம்எச்சை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. அது குறைவு என்று வந்ததும் 'இனி குழந்தையே பிறக்காதா' என்று அழுதுகொண்டு வருகிறார்கள். இயற்கையாகக் கருத்தரிப்போமா என்பதை அது சொல்லாது. ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) சிகிச்சையில் போடும் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கத்தான் அது பெரிதும் உதவும்.

தஞ்சை வெண்ணிலா:
பயந்துவிடுவாள் என்பதற்காகத் தன் உடம்பைப் பற்றித் தெரியாமலே இருக்கச் சொல்கிறீர்களா? அதை நான் ஏற்க மாட்டேன். ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்ல ஃபோனில் ஒரு டாக்டரை வைக்கச் சொல்லுங்கள், டெஸ்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

லேப் அக்கா:
ஃபோனில் நிஜமாகவே டாக்டர் பேசினால் எனக்கும் சம்மதம். இப்போது பேசுவது அடுத்த பேக்கேஜை விற்கிறவர்கள்.

மதுரை மல்லி:
பயோட்டின் தினமும் போடுகிறேன் அக்கா! யாருமே கேட்கவில்லை. இப்போது என்ன செய்ய?

லேப் அக்கா:
நாள் தள்ளியிருந்தால் முதலில் வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் கார்டு. கர்ப்பம் இல்லையென்றால், பயோட்டினைக் குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு டிஎஸ்எச், புரோலாக்டின் மட்டும், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கோவை சரவணன்:
தனித்தனியாக எடுத்தால் பேக்கேஜ் விலையைத் தாண்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தேனி ராஜா:
தள்ளுபடி ஞாயிறோடு முடிகிறதே என்று அவசரப்படாதீர்கள் மல்லி. திங்கட்கிழமை வேறு பெயரில் அதே தள்ளுபடி வரும்.