கோத்தகிரி வீட்டை நாள் வாடகைக்கு விட எண்ணுகிறோம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (கோவையிலிருந்து):

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே என் மாமனார் கட்டிய இரண்டு படுக்கையறை ஓட்டு வீடு, அவர் மறைந்த பின் மூன்று ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. ஏப்ரல், மே சீசனுக்குள் அதைச் செப்பனிட்டு, குடும்பமாக வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறோம். சென்ற வாரம் திறந்து பார்த்தபோது, பீரோவில் தொங்கிய மாமனாரின் தோல் பெல்ட்டின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் வெல்வெட் துணி போலப் படர்ந்திருந்தது; மெத்தையைத் தொட்டால் கையில் ஈரம் தட்டுகிறது. பெயின்ட், திரைச்சீலை, டிவி ஆகியவற்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (கொடைக்கானலில் பதினோரு ஆண்டுகளாகக் காட்டேஜ் நடத்துபவர்):

சகோதரி, பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் கூரைக்குத் திருப்புங்கள். ஓடுகளை மாற்றி, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் வாய்க்காலுக்குப் போக வழி செய்துவிட்டு, ஒரு மழையாவது பெய்து சுவர் நனைகிறதா என்று பார்த்த பிறகே சுவரில் கை வையுங்கள். மாமனார் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியதாக இருந்தால், அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, பெயின்ட் கொப்பளித்துப் பட்டை பட்டையாக உரியும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் உலர்ந்துகொண்டே இருக்கும். நான் முதல் ஆண்டில் இந்தத் தவற்றைச் செய்து, சீசன் நடுவில் ஓர் அறையைப் பூட்டி வைக்க நேர்ந்தது.

பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள், கழித்துவிடுங்கள். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஆள் வராத நாட்களிலும் காலை பத்து மணி வெயிலுக்கு ஜன்னல்களைத் திறந்து, கம்பளிகளை உதறிக் காயப்போட உள்ளூரில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தே ஆக வேண்டும். கோவையிலிருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

பதில் 2 (கட்டட வரைபட அனுமதிப் பணியில் இருப்பவர்):

குடியிருப்புக்கு அனுமதி பெற்ற கட்டடத்தை அப்படியே காட்டேஜாக நடத்தியதால், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பல வீடுகளுக்குச் சீல் வைக்கப்பட்டிருக்கிறது. மத்திய சுற்றுலாத் துறையின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்து, ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விடுவதற்கானது. நீங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லை என்பதால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்துப் வீட்டை விடுதியாகப் பயன்படுத்தப் பயன்பாட்டு மாற்ற அனுமதி பெற்ற பிறகே விளம்பரம் செய்யுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) கட்டாயம் என்பதை முன்பதிவின்போதே விருந்தினருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பதில் 3 (குன்னூரிலிருந்து):

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் யாரும் தொடாத ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று, பார்பிக்யூ அடுப்பின் மீதிக் கரியை அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறவர்கள் உண்டு. கனன்றுகொண்டிருக்கும் கரி, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை விடுதிகளில் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அடுப்பை வெளியே மட்டும் வைத்து, இரவு உங்கள் ஆளே கரியில் தண்ணீர் ஊற்றி அணைக்க ஏற்பாடு செய்யுங்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துங்கள். இதே காரணத்தால் குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டாம், மின்சாரக் கீசரே போதும். டிவி இல்லை என்று எந்த விருந்தினரும் உயிரை இழக்கப் போவதில்லை, அம்மா.

இன்னொன்று, கோத்தகிரிப் பக்கம் கரடி நடமாட்டம் அதிகம். எண்ணெய் வாசனைக்குக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். சமையலறைக் கதவைக் கனமான மரத்தில் போடுங்கள். எச்சில் இலை, குப்பை எதையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். இருட்டிய பின் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

கேட்டவரின் மறுமொழி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கரி விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. மாமனாரே குளிர்காலத்தில் கும்பா நிறையக் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்வார். டிவியைக் கைவிட்டு அலாரமும் மின்சாரக் கீசரும் வாங்குகிறோம். அனுமதி கைக்கு வரும் வரை இந்தச் சீசனில் வாடகைக்கு விடப் போவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வீட்டைத் திறந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் ஓடு மாற்ற ஆள் வருகிறார்.