கோத்தகிரில தோட்டத்துக்குள்ள நடந்து போறப்போ கரடி எதுக்க வந்தா என்ன பண்ணணும்?

புதுசா_வந்தவ:
எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக கோத்தகிரி பக்கம் குடி வந்திருக்கேன், வீட்ல இருந்து பஸ் ஸ்டாப்புக்கு தேயிலை நடுவுல ஒத்தையடிப் பாதைல இறங்கணும், காலைல கிளம்பறப்போ இருட்டு கலைஞ்சிருக்காது. நேத்து கரடி கோயில் கதவ ஒடச்சு விளக்குக்கு வச்ச எண்ணெயக் குடிச்சிட்டுப் போயிருக்குனு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க, அதுலருந்து தூக்கமே இல்ல. யூட்யூப்ல ஒருத்தர் ஸ்ப்ரே அடின்றார், ஒருத்தர் செத்த மாதிரி படுன்றார், இன்னொருத்தர் எதுத்து அடின்றார். எத நம்பறது?

எஸ்டேட்பையன்:
அந்த வீடியோ எல்லாம் அமெரிக்கா, கனடா கரடிங்களுக்கு மா. அங்கயே கிரிஸ்லி தாக்குனா படுத்துக்கோ, கருங்கரடின்னா எதுத்து நில்லுனு வேற வேற மாதிரி சொல்வாங்க. நம்ம மலைல இருக்கறது கரையான் திங்கற கரடி, புலி சிறுத்தையோட காலங்காலமா ஒரே காட்டுல இருந்த மிருகம், அதனால கிட்டக்க ஏதாச்சும் திடீர்னு வந்தா திரும்பி ஓடாம மேல பாஞ்சிரும். நம்மளத் திங்கணும்னு இல்ல, பயத்துல அடிக்கறதுதான். அதுக்கு மோப்பம் ரொம்ப ஜாஸ்தி, கண் அவ்ளோ தெரியாது, புத்த நோண்டிட்டு இருந்தா காதுலயும் எதுவும் விழாது. ஆள் வர்றது அதுக்கு தூரத்துலயே தெரியணும், முழு விஷயமும் இதுதான். சத்தமா பேசிட்டுப் போங்க, நல்ல டார்ச் எடுத்துக்கோங்க, ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். முடிஞ்சா கொஞ்சம் வெளிச்சம் வந்தப்புறம் இலை பறிக்கப் போற அக்காங்க கூட சேந்து இறங்குங்க.

சோலைக்காரன்:
மேல சொன்னது சரி. ஒண்ணு சேத்துக்கறேன், உண்ணிச்செடி புதரும் ஓடை ஓரமும்தான் பகல்ல அது படுக்கற இடம், அங்க வளைவுல திரும்பறதுக்கு முன்னாடியே கைதட்டி குரல் குடுங்க. மேல் வரிசைல நடுவுல ரெண்டு பல்லு கிடையாது அதுக்கு, அந்த இடைவெளி வழியா புத்துக்குள்ள மண்ண ஊதித் தள்ளிட்டு கரையான உறிஞ்சும், வேக்குவம் கிளீனர் போட்ட மாதிரி புர்ருபுர்ருனு கேக்கும். அந்தச் சத்தம் கேட்டாலோ, ஈரம் காயாத மண்ணோட புத்து தோண்டிக் கிடந்தாலோ, பழக்கொட்டை கலந்த எச்சம் கிடந்தாலோ அந்தப் பக்கம் போகாதீங்க. தூரத்துல நின்னா ஓடாதீங்க, மொகத்த அது பக்கமே வச்சு மெதுவா பின்னால வாங்க. ஓட்டத்துல நம்மள விட வேகம், மரமும் ஏறும். முதுகுல குட்டி இருந்தா இன்னும் தள்ளி நில்லுங்க. போட்டோ எடுக்கப் போயிராதீங்க ப்ளீஸ்.

வார்டு_சிஸ்டர்:
கரடி அடிச்சு வர்றவங்கள பாத்திருக்கேன், காயம் பெரும்பாலும் மொகத்துலயும் தலையிலயும்தான், நகம் அவ்ளோ நீளம். மேல விழுந்திருச்சுன்னா குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் பின்கழுத்துல கோத்து, மொகத்த தரையோட அழுத்திக்கோங்க, பை இருந்தா முதுகுலயே இருக்கட்டும், அது போயிருச்சுனு நல்லா தெரியற வரைக்கும் எந்திரிக்காதீங்க. அப்புறம் 108க்கு கூப்பிடுங்க. சின்னக் கீறல்தானேனு மஞ்சப்பத்து போட்டு வீட்ல இருக்காதீங்க, சோப்புத் தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரி வந்து நாய்க்கடிக்குப் போடற அதே வெறிநோய் ஊசியும் டிடி (டெட்டனஸ்) ஊசியும் போட்டே ஆகணும்.

புதுசா_வந்தவ:
ரொம்ப நன்றி, பக்கத்துல ரெண்டு பேர் அதே பஸ்ஸுக்குதான் போறாங்களாம், சேந்து போறோம். அப்போ ஸ்ப்ரே தேவையில்லையா? வீட்டுப் பின்னால கொய்யா மரம் வேற இருக்கு, வெட்டிரலாமா?

எஸ்டேட்பையன்:
கரடிக்குனு செஞ்ச ஸ்ப்ரே நம்ம ஊர் கடைல கிடைக்காது, ஹேண்ட்பேக்ல வைக்கற குட்டி பெப்பர் ஸ்ப்ரேய நம்பி இருட்டுல இறங்காதீங்க. மரத்த வெட்ட வேண்டாம், பழுக்க விடாம பறிச்சிருங்க, கீழ விழுந்தத அன்னன்னிக்கே பொறுக்கிருங்க. சாப்பாட்டுக் குப்பைய ராத்திரி வெளிய வைக்காதீங்க. எண்ணெய், வெல்லம் எல்லாம் பின்கதவு பக்கம் இல்லாம உள் ரூம்ல வைங்க. ராத்திரி வாசல்ல சத்தம் கேட்டா கதவத் திறக்காம உள்ள இருந்தே லைட்டப் போடுங்க, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் நம்பர இன்னிக்கே வாங்கி போன்ல ஏத்திக்கோங்க.