டிஎஃப்ஐ (விந்தணு டிஎன்ஏ சிதைவு விகிதம்) 36% சாம்பிள்: கிரேடியன்ட் போதுமா, சிப்புக்குப் போகலாமா?

பிப்பெட்_புதுசு:
சீனியர்களுக்கு வணக்கம். ஒரு விந்து சாம்பிளிலிருந்து நல்ல விந்தணுக்களை எந்த முறையில் பிரிப்பது என்று லேபில் ஆளுக்கொரு கருத்து.

அளவு 2.6 மி.லி., கவுன்ட் மி.லி.க்கு 2.1 கோடி, முன்னோக்கி நகர்பவை 28%, இயல்பான வடிவம் 3%. டிஎஃப்ஐ 36%, எஸ்சிடி முறையில் பார்த்தது. வட்டச் செல்கள் மி.லி.க்கு 20 லட்சம். மனைவிக்கு 31 வயது. இரண்டு இக்சி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) முடிந்துவிட்டது. கருவுறுதல் நன்றாகவே இருந்தது, மூன்றாம் நாள் வரை கருக்கள் நன்றாக வந்து, பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் கரு) ஆகாமல் நின்றுவிட்டன.

வழக்கமாக 80/40 கிரேடியன்ட் (அடர்த்தி வேறுபட்ட இரண்டு கூழ்ம அடுக்குகளின் வழியே சுழற்றி இறக்குவது) ஓட்டி, பெல்லட்டிலிருந்து (அடியில் படிந்தது) ஸ்விம்-அப் (மேலே உள்ள மீடியாவுக்கு நீந்தி வருவதை எடுப்பது) செய்கிறோம். இப்போது மைக்ரோஃப்ளூயிடிக் சிப், பிக்சி (ஹயலுரோனானில் ஒட்டும் விந்தணுவைத் தேர்வது), மேக்ஸ் (செத்துக்கொண்டிருப்பவற்றைக் காந்த மணிகளால் பிடித்து விலக்குவது) மூன்றும் பேச்சில் இருக்கின்றன. எதை எடுப்பது? ஒன்றின் மேல் ஒன்றாகச் செய்யலாமா? இன்னொன்று, கிரேடியன்டில் எங்களுக்கு 8%தான் திரும்பக் கிடைக்கிறது. குறைவுதானே?

ஆண்ட்ரோ_மேசை:
கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். அந்த 8% எதில் 8%? 1 மி.லி. ஏற்றினால் உள்ளே போவது 210 லட்சம், அதில் நகர்பவை 59 லட்சம். வெளியே வந்தது 17 லட்சம் நகரும் அணுக்கள் என்றால் மொத்தத்தில் 8%, நகர்பவற்றில் 29%. இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அது மோசமில்லை. கவுன்ட் குறையக் குறைய மொத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல லேப்கூடக் கெட்ட லேப் மாதிரித் தெரியும்.

சென்ட்ரிஃப்யூஜில் ஆர்பிஎம்மா (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஜி-யா (சுழற்சி விசை), எதை எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம் × ஆர்பிஎம். 300 ஜி வேண்டுமென்றால் 15 செ.மீ. ரோட்டரில் 1340 சுற்று, 10 செ.மீ. ரோட்டரில் 1640. பழைய மெஷினின் எண்ணைப் புது மெஷினில் அப்படியே போடுவதுதான் லேபில் நான் அதிகம் பார்க்கும் பிழை. 300 முதல் 400 ஜி, 15 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் அழுத்தினால் பெல்லட் பெரிதாகும், கூடவே செத்ததும் சேதமானதும் அடியில் வந்து சேரும்.

அடுக்கு ஒவ்வொன்றும் 1 மி.லி., மேலே விந்து 1 மி.லி.க்கு மிகாமல். 2.6 மி.லி.யையும் ஒரே ட்யூபில் ஊற்றினால் இடைமுகத்தில் தெப்பம்போல் அடைத்துக்கொண்டு நல்லவையும் இறங்காது. மூன்று ட்யூபாகப் பிரியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூழ்மத்தைக் குளிரோடு பயன்படுத்த வேண்டாம். ஓட்டி முடித்ததும் மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக உறிஞ்சி எடுத்துவிட்டு, புது பிப்பெட்டால் பெல்லட்டை எடுத்து புது ட்யூபில் போடுங்கள். அதே ட்யூபில் மீடியாவை ஊற்றிக் கழுவினால் சுவரில் ஒட்டியிருக்கும் வெள்ளணுக்களும் குப்பையும் திரும்பக் கலந்துவிடும். அப்புறம் கிரேடியன்ட் ஓட்டியதற்கே அர்த்தமில்லை. கழுவும் சுற்று 200 ஜி, 4 முதல் 10 நிமிடம்.

பெல்லட்டிலிருந்து ஸ்விம்-அப் செய்வதை இந்த சாம்பிளுக்கு நிறுத்திவிடுங்கள். வட்டச் செல் 20 லட்சம் என்கிறீர்கள். பெராக்ஸிடேஸ் சாயம் போட்டுப் பார்த்தீர்களா? மி.லி.க்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணு என்றால், அவற்றை விந்தணுவோடு சேர்த்து அடியில் நசுக்கி ஒரு மணி நேரம் வைப்பது ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை நாமே உண்டாக்குவதுதான். நேரடி ஸ்விம்-அப் என்றால் 1 மி.லி. விந்தின் மேல் 1.2 மி.லி. மீடியா, ட்யூபை 45 டிகிரி சாய்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம், மேலே உள்ள 1 மி.லி.யை மட்டும் எடுக்க வேண்டும். பைகார்பனேட் மீடியா என்றால் மூடியைத் தளர்த்தி சிஓ2 இன்குபேட்டரில். ஹெப்பஸ் மீடியா என்றால் மூடியை இறுக்கிச் சாதாரண இன்குபேட்டரில். இதை மாற்றிச் செய்தால் பிஹெச் போய்விடும், பழி சாம்பிளின் மேல் விழும்.

சிப்பு_சித்தப்பு:
இந்த சாம்பிளுக்கு சிப் பொருந்தும். ஆனால் எதற்காகப் பொருந்துகிறது என்று தெரிந்து வாங்குங்கள். சென்ட்ரிஃப்யூஜ் கிடையாது. கீழறையில் விந்து, நடுவே நுண்துளைச் சவ்வு, மேலே மீடியா. நீந்தத் தெரிந்தது மேலே வரும். 850 மைக்ரோலிட்டர் வகையில் 850 விந்தை ஏற்றி, மேலே 750 மீடியா விட்டு, 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, 500 எடுப்போம். இப்படி வருபவற்றில் டிஎன்ஏ சிதைவு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கெடுவது எங்கே? பாகு முழுதாக நீர்க்காமல் ஏற்றுவது முதல் காரணம். அடுத்தது காற்றுக் குமிழி. சவ்வின் அடியில் குமிழி நின்றால் அந்தப் பரப்பு வேலைக்கு ஆகாது, அதனால் சிரிஞ்சை மெதுவாகத் தள்ளுங்கள். கிடைக்கும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், இக்சிக்கு அது தாராளம். கிரேடியன்ட் ஓட்டிவிட்டு அதைச் சிப்பில் ஏற்றுகிறவர்களும் உண்டு. சுழற்சியைத் தவிர்க்கத்தானே சிப் வாங்கினோம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தம்பதியரையும் சேர்த்துக்கொண்டு 2022-இல் வெளியான ஒரு சீரற்ற ஆய்வில், கருவுறுதலிலோ நல்ல கருக்களின் விகிதத்திலோ கிரேடியன்டைவிட சிப் மேலாக இல்லை.

இக்சி_ஊசி:
பிக்சி பற்றி. முதிர்ந்த விந்தணுவின் தலையில் ஹயலுரோனானை (முட்டையைச் சுற்றி இருக்கும் பொருள்) பற்றும் ஏற்பிகள் இருக்கும். டிஷ்ஷில் ஹயலுரோனான் பூசிய புள்ளியின் மேல் மீடியாத் துளி, எண்ணெய், ஓரத்தில் கொஞ்சம் விந்தணு. ஒட்டியதை அடையாளம் காண்பது எளிது: வால் துடிக்கும், தலை நகராது. சும்மா மெதுவாக ஊர்வதை ஒட்டியதாக நினைத்து எடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு.

பெரிய சான்று பிரிட்டனின் ஹாப்செலக்ட் ஆய்வு, 2019-இல் லான்செட்டில் வந்தது. 2,772 தம்பதியர். நிறைமாதக் குழந்தைப் பேறு பிக்சியில் 27.4%, சாதாரண இக்சியில் 25.2%. இந்த வேறுபாடு புள்ளியியலில் நிற்கவில்லை. கருச்சிதைவு மட்டும் 4.3%, 7.0% என்று வித்தியாசப்பட்டது. ஆக, கரு தங்கித் தங்கிக் கலைகிறவர்களுக்குப் பேசிப் பார்க்கலாம். உங்கள் கேஸில் கரு தங்கும் கட்டத்துக்கே வரவில்லையே.

6000 மடங்கு பெருக்கத்தில் தலையின் குழிகளைப் பார்க்கும் இம்சி முறைக்கும் சான்று உறுதியாக இல்லை. முட்டைகள் வெளியே காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

மேக்ஸ் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. காந்த மணிகளில் உள்ள அனெக்ஸின் V புரதம் செத்துக்கொண்டிருக்கும் அணுவில் ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த மீடியாவிலிருந்து நேரே வந்த அணுக்களைப் போட்டால் மணிகள் எதையும் பிடிக்காது, எல்லாமே காந்தக் குழாயைத் தாண்டிக் கீழே வரும், நீங்களும் "சாம்பிள் ரொம்ப நல்லா இருக்கு" என்று நினைத்துக்கொள்வீர்கள்.

டாக்டர்_மாலை_ஓபி:
லேப்காரர்கள் கருவிகளைப் பேசிவிட்டீர்கள், நான் ஆளைப் பற்றிக் கேட்கிறேன். எத்தனை நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து கொடுத்த சாம்பிள்? ஏழு நாள் என்றால் அந்த 36%-ஐ நம்பாமல், ஒரு நாள் இடைவெளியில் இன்னொன்று வாங்கிப் பாருங்கள். எபிடிடிமிஸில் (விந்தணு சேரும் குழலில்) தங்கும் நேரம் கூடக் கூடச் சிதைவும் கூடும். செலவே இல்லாத 'செலக்ஷன்' இதுதான். எஸ்சிடி எண்ணையும் எஸ்சிஎஸ்ஏ (சிதைவை அளக்கும் வேறொரு சோதனை) எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் கூடாது.

வெரிகோசீல் (விதைப்பை இரத்த நாள வீக்கம்), தொற்று, புகை மூன்றையும் பார்க்காமல் சிப்புக்குச் சீட்டு எழுதக் கூடாது. ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2020, 2,370 தம்பதியர்) குழந்தைப் பேறு கூடவில்லை, டிஎன்ஏ சிதைவு சற்றுக் கூடவே இருந்தது. மாத்திரைப் பட்டியல் நீளமாக இருப்பதால் சிகிச்சை ஆகிவிடாது.

மூன்றாம் நாளுக்குப் பிறகு கரு நிற்பது தந்தையின் மரபணு இயங்கத் தொடங்கும் கட்டத்தோடு பொருந்துகிறது என்பது சரி. ஆனால் அதே கட்டத்தில் முட்டையின் குறையும் வளர்ப்பு மீடியாவின் குறையும்கூட வெளிப்படும். அன்றைக்கே உங்கள் லேபில் மற்றவர்களின் பிளாஸ்டோசிஸ்ட் விகிதம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிதைவு இறங்காவிட்டால், விந்தகத்திலிருந்து நேரடியாக எடுத்த அணுக்களைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டுதலே இடம் தருகிறது. அது அறுவை என்பதை மறக்க வேண்டாம்.

('செலக்ஷன்' என்றதும் "ஆணா பெண்ணா பிரிச்சுத் தருவீங்களா" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கருத்தரிப்புக்கு முன்பே பாலினம் தேர்வதை இந்தியாவின் 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் 2003 திருத்தம் தடை செய்கிறது. விந்தணுவை எக்ஸ், ஒய் என்று பிரிப்பதும் அதில் அடங்கும்.)

பிப்பெட்_புதுசு:
நன்றி டாக்டர், எல்லாருக்கும் நன்றி. இடைவெளி ஐந்து நாள் என்று படிவத்தில் இருக்கிறது. ஒரு நாள் இடைவெளியில் மறு சாம்பிள், பெராக்ஸிடேஸ், பிறகு சிப் என்று எழுதிக்கொண்டேன். ஒரு சந்தேகம்: முட்டை எடுக்கும் நாளில் ஒன்றுமே நகரவில்லை என்றால்?

ஆண்ட்ரோ_மேசை:
அப்போது நீந்தவைக்கும் முறை எதுவும் உதவாது, உயிருள்ளதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முதலில் இன்னொரு சாம்பிள் கேளுங்கள். அதுவும் அப்படியே என்றால் தியோஃபிலின் மருந்தை ஒரு துளியில் சேர்த்துப் பத்து நிமிடம் பாருங்கள். லேசாக வால் அசைந்தாலும் போதும், எடுத்துக் கழுவிவிட்டு ஊசிக்குப் போகலாம். வாலை அசைக்கும் டைனின் கைகளே பிறவியில் இல்லாதவர்களுக்கு இது பலிக்காது. மோட்டாரே இல்லாத வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவது போல.

அங்கே ஹாஸ் சோதனை. மீடியாவும் மலட்டு நீரும் பாதிக்குப் பாதி. உயிருள்ளதன் வால் வீங்கிச் சுருளும். அதை எடுத்து உடனே சாதாரண மீடியாவில் போட்டு வால் நிமிரவிட்டுப் பிறகே ஊசியில் ஏற்றுங்கள். உறைநிலையிலிருந்து எடுத்த அணுவுக்கு ஹாஸை நம்பாதீர்கள், அதன் வால் ஏற்கெனவே சுருண்டிருக்கும். லேசர் இருந்தால் வாலின் நுனியில் ஒரே ஒரு அடி. சுருண்டால் உயிர் இருக்கிறது. தலைப் பக்கம் லேசரைக் கொண்டுபோக வேண்டாம்.