காதல் கைகூடுவதோடு முடியாத மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வேண்டும் (பதினாறு வயதுத் தங்கைக்கு)

நீலமை:

வணக்கம். என் சித்தி மகளுக்குப் பதினாறு வயது. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இங்கே கேட்கலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவளைப் பற்றி இதற்கு மேல் எதுவும் எழுத மாட்டேன்.

அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நீ நிறைய மாங்கா படிப்பாயே அக்கா, என்னை மாதிரி யாராவது வருகிற கதை இருந்தால் சொல்லேன்."

நான் படித்தவை பெரும்பாலும் யூரி (பெண்களுக்கிடையிலான காதல் கதைகள்), கொஞ்சம் பி.எல். (ஆண்களுக்கிடையிலான காதல் கதைகள்). இருவர் சந்திப்பார்கள், தவிப்பார்கள், கடைசியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்ததும் கதை முடிந்துவிடும். அவற்றை நான் விரும்பித்தான் படித்தேன், இன்னும் படிக்கிறேன். ஆனால் அவளுக்கு இப்போது காதலி யாரும் இல்லை. யாராவது வந்து நேசித்தால்தான் தன்னை ஏற்றுக்கொள்ள முடியும் என்று சொல்லும் கதையை அவளிடம் நீட்ட எனக்கு மனமில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோதே, 'நான் இப்படித்தான், என்னிடம் குறை ஒன்றும் இல்லை' என்ற இடத்துக்கு ஒரு பிள்ளை எப்படி வந்து சேர்கிறது? அதைச் சொல்கிற கதைதான் வேண்டும்.

யோசித்துவிட்டுத் தள்ளி வைத்தவை இரண்டு. நகதானி நியோவின் 'ப்ளூம் இன்டு யூ' (2015-2019, 8 தொகுதிகள்). காதல் தன்னைத் தொடவே இல்லையே என்று குழம்பும் யூவை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் கதை முழுக்க யூவையும் அவளை நேசிக்கும் பெண்ணையும் சுற்றியே போகிறது. இன்னொன்று ஷிமுரா தகாகோவின் 'ஸ்வீட் ப்ளூ ஃப்ளவர்ஸ்'. கமகுராவில் நடக்கும் கதை, எனக்கு உயிர். சின்ன வயதுத் தோழி அகிராவிடம் ஃபூமி தன்னைப் பற்றிச் சொல்வதும், அகிராவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போனாலும் அவள் விலகாமல் நிற்பதும் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. ஆனால் ஃபூமியின் முதல் உறவு அவளுடைய சொந்தக்கார அக்காவோடு. அந்த அக்கா அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். ஒரு அக்கா தன் தங்கைக்குக் கொடுக்கிற முதல் புத்தகமாக அது இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அவள் கைபேசியில், ஆங்கிலத்தில் படிப்பாள். அட்டையையோ தலைப்பையோ பார்த்ததும் விஷயம் வெளியே தெரிந்துவிடக் கூடாது. படுக்கையறைக் காட்சிகள் வேண்டாம்.

பழுப்புப்பக்கம்:

நீலமை, நீங்கள் கேட்பதற்கு அப்படியே பொருந்துகிற ஒன்று இருக்கிறது. கமதானி யூகியின் 'ஷிமனாமி தசோகரே'. ஆங்கிலத்தில் 'அவர் ட்ரீம்ஸ் அட் டஸ்க்' என்று வந்திருக்கிறது. 2015 முதல் 2018 வரை வெளிவந்தது, மொத்தம் நான்கே தொகுதிகள். கமதானி தன்னை ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர் என்றும், பாலீர்ப்பு இல்லாதவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னவர்.

கதை ஹிரோஷிமா மாவட்டத்திலுள்ள ஒனோமிச்சியில் நடக்கிறது. கடலைப் பார்த்த மலைச்சரிவில் படிக்கட்டுகளும் சந்துகளுமாக இருக்கும் ஊர். கார் ஏற முடியாத இடங்களில் பழைய வீடுகள் பல காலியாகக் கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்து மறுபடி ஆட்களைக் குடிவைக்கும் அமைப்பு ஒன்று அங்கே உண்மையிலேயே இயங்குகிறது. கமதானி அதைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆண்களை விரும்பும் டாசுகு என்ற மாணவன் கைபேசியில் பார்த்த வீடியோ வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் பதறி மறுக்கிறான், சிரித்து மழுப்புகிறான், அப்புறம் உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போகிறான். அந்த நேரத்தில்தான் 'யாரோ' என்றே எல்லாரும் கூப்பிடும் ஒரு மனிதரின் பொது அறை அவன் கண்ணில் படுகிறது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அங்கே அவனை யாரும் எதையும் கேட்பதில்லை.

எனக்கு இந்த மாங்காவில் மிகவும் பெரிதாகப் படுவது அந்தக் கேட்காமை. 'நீ யார், எப்போது தெரிந்தது, நிச்சயமாகத் தெரியுமா' என்று குடையாமல் உட்கார ஒரு இடம் தருகிறார்கள். அந்த அறையில் அவன் பெரியவர்களைப் பார்க்கிறான். ஹருகோவும் சகியும் சேர்ந்து வாழும் பெண்கள், வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையைச் செய்பவர்கள். உட்சுமி ஒரு திருநம்பி, பெண்ணாகப் பிறந்தவர் என்று கருதப்பட்ட ஆண். சாய்கோ என்ற முதியவர் தன் துணைவரோடு ஒரு ஆயுளையே வாழ்ந்து முடித்தவர். தன்னைப் போன்ற ஒருவர் முப்பது வயதிலும் எழுபது வயதிலும் சாதாரணமாக இருப்பதை டாசுகு அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறான். அவனுக்கு ஒரு பையன் மேல் காதல் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அவன் நிமிர்வது அந்தக் காதல் கைகூடியதால் இல்லை.

இன்னொன்றும் உங்களுக்காகவே சொல்கிறேன். அந்த அறையில் மிசோரா என்று ஒரு ஆறாம் வகுப்புக் குழந்தை. வெளியே பையனாக இருக்கும், உள்ளே வந்தால் பெண் உடை போட்டுக்கொள்ளும். டாசுகு நல்லெண்ணத்தில்தான் அந்தக் குழந்தையைத் திருவிழாவுக்கு உடுத்திக்கொண்டு வரச் சொல்கிறான். கூட்டத்தில் யாரோ மிசோராவைத் தொட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு டாசுகு பேசும் பேச்சு அந்தக் குழந்தையை இன்னும் புண்படுத்துகிறது. உட்சுமியின் பழைய பள்ளித்தோழி வருகிற பகுதியும் அப்படித்தான்: 'நான் உன்னைப் புரிந்துகொண்டேன்' என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி அவரை வதைக்கிறாள். தானும் பால்புதுமையினர் (பாலினத்திலோ ஈர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்) என்பதால் மட்டுமே ஒருவர் அடுத்தவரைக் காயப்படுத்தாமல் இருந்துவிடுவதில்லை, அன்பாக இருப்பதாலும் இல்லை என்று இவ்வளவு நேராகச் சொன்ன வேறு மாங்காவை நான் படித்ததில்லை.

அட்டைகளில் எதுவும் வெளியே தெரியாது. தலைப்பும் அப்படித்தான்.

அடுத்தவரி:

தங்கைக்கு இல்லை, உங்களுக்கு: ஒகுராவின் 'ஐ திங்க் அவர் சன் இஸ் கே'. மூத்த மகன் ஹிரோகிக்கு ஆண்களைப் பிடிக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. மகனோ மறைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் வாய் தவறி உளறும்போதெல்லாம் அம்மா கவனிக்காத மாதிரி பேச்சை மாற்றுகிறாள். அப்பா யோசிக்காமல் எதையாவது சொல்லிவிட்டால் அதன் கூர்மையை மழுக்குகிறாள். அவனாகச் சொல்லும்வரை காத்திருக்கிறாள். சின்னச் சின்ன அத்தியாயங்கள், சிரித்துக்கொண்டே படிக்கலாம். எழுதி வரைந்தவரும் ஆண்களை விரும்பும் ஆண்தான். தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதால் அவள் கைபேசியில் வேண்டாம்.

மறுதையல்:

அக்கா, நான் திருநம்பி. உங்கள் தங்கையின் நிலை வேறு, தெரியும். ஆனாலும் காகு கெய்தோவின் 'பாய்ஸ் ரன் தி ரயட்' பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. வரைந்தவரும் திருநம்பி. 2020-இல் ஜப்பானில் தொடங்கியது, நான்கு தொகுதிகள். ஆங்கிலப் பதிப்பு 2021-இல் வந்தது.

திருநம்பியான ரியோவுக்குப் பள்ளியின் பெண்கள் சீருடை பிடிக்காது. அதிலிருந்து தப்பிக்க எப்போதும் விளையாட்டு உடையிலேயே திரிகிறான். வகுப்பில் ஜின் என்று ஒருவன், ஒரு வருடம் பின்தங்கியவன், பார்த்தால் ரவுடி மாதிரி. இருவரும் ஒரே மாதிரி சட்டைகளை விரும்புகிறவர்கள் என்று தெரியவருகிறது. சேர்ந்து சொந்தமாக ஒரு உடை பிராண்டைத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. இருவருக்கும் நடுவில் காதல் எதுவும் இல்லை. ரியோ தன்னைப் பற்றி எல்லாருக்கும் விளக்கம் கொடுத்து அங்கீகாரம் வாங்குவதில்லை. சட்டையில் அச்சடிக்கிறான், விற்கிறான், அது கோணலாக வந்தால் வருத்தப்படுகிறான். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் உடம்பைப் பற்றிய சிந்தனை கொஞ்சம் ஓய்கிறதே, அந்த நிம்மதியை அதை அனுபவித்த ஒருவர்தான் இப்படி வரைய முடியும். ரியோ கண்ணாடியைப் பார்க்கிற கட்டங்களை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். அவ்வளவு கிட்டே வந்துவிடும்.

ஷிமுரா தகாகோ பெயர் வந்ததால் 'வாண்டரிங் சன்' பற்றியும். 2002 முதல் 2013 வரை, 15 தொகுதிகள். ஐந்தாம் வகுப்பில் தொடங்கி மேல்நிலைப்பள்ளி முடியும்வரை பிள்ளைகள் நம் கண்முன்னே வளர்கிறார்கள். நிதோரி பெண்ணாக இருக்க விரும்பும் குழந்தை, தகாட்சுகி பையனாக இருக்க விரும்பும் குழந்தை. இருவரும் ஒரே நாட்குறிப்பை மாற்றி மாற்றி எழுதிக்கொள்கிறார்கள். நிதோரிக்குக் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, ஒவ்வொன்றும் இடியாக இறங்குகிறது. இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று: ஆண்கள் சீருடையில் வரும் பெண்பிள்ளைகளைப் பள்ளி ஏதோ ஒரு விளையாட்டு போல விட்டுவிடுகிறது. நிதோரி பெண்கள் சீருடையில் வந்த அன்று பள்ளியே சிரிக்கிறது. அப்புறம் அந்தப் பிள்ளை வகுப்புக்குப் போகாமல் மருத்துவ அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கடைசியில் நிதோரியின் ஆசை மாறுவதில்லை, தகாட்சுகியின் ஆசை மெல்லக் கரைந்துபோகிறது. இதற்காகக் கோபப்பட்ட வாசகர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே கதையில் வைத்தது நியாயம்தான். மாறியவரைப் பொய்யர் என்றோ மாறாதவரைப் பிடிவாதக்காரர் என்றோ அந்தக் கதை சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலப் பதிப்பு எட்டாம் தொகுதியோடு நின்றுவிட்டது. பதினாறு வயதில் ஒருவரைப் பாதிக் கதையில் விட்டுவிடுவது சரியில்லை என்பதால் தங்கைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

நீலமை:

எல்லாருக்கும் நன்றி. மறுதையல், மருத்துவ அறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

ஒரு சந்தேகம். பழுப்புப்பக்கம் சொன்னதில் நாயகன் பையன், ஹிரோகியும் பையன். 'என்னை மாதிரி' என்று அவள் கேட்டாளே. பெண்ணை விரும்பும் பெண் நடுவில் நிற்கிற, ஆனால் ஜோடி சேர்வதே முடிவாக இல்லாத பள்ளிக்கதை இல்லையா?

பழுப்புப்பக்கம்:

நியாயமான கேள்வி. இந்த இடத்தில் குறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெண்கள் என்றாலே யூரி இதழ்கள், யூரி என்றாலே ஜோடி என்று பாதை போய்விடுகிறது. பேர்பெற்ற நகதா கபியின் தன்வரலாற்று மாங்கா 'மை லெஸ்பியன் எக்ஸ்பீரியன்ஸ் வித் லோன்லினெஸ்' இருக்கிறது, 2016-இல் புத்தகமானது. அது இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் கதை. உண்ணாமை, மனச்சோர்வு, உடலுறவு எல்லாம் வருகிறது, தலைப்பும் உரக்கச் சொல்லிவிடும். அவளுக்கு இப்போது வேண்டாம்.

அதனால்தான் ஹருகோவையும் சகியையும் முன்னால் வைத்தேன். அவர்கள் துணைப்பாத்திரங்கள் என்றாலும் அந்த நான்கு தொகுதிகளில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. ஹருகோ எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட்டவர். சகி தன் அப்பாவிடம் சொல்ல முடியாமல் தவிப்பவர். ஒரே வீட்டில் வாழும் இருவருக்குள் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதும், ஹருகோ அவளை அவசரப்படுத்தாமல் இருப்பதும் உங்கள் தங்கைக்கு உதவும். வெளியே சொன்னால்தான் தன்னை ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்ற எண்ணம் பிள்ளைகளைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இதே காரணத்துக்காகத் தகாமே கெங்கோரோவின் 'அவர் கலர்ஸ்'-ஐயும் சொல்வேன். 2018-2020, மூன்று தொகுதிகள், ஆங்கிலத்தில் ஒரே புத்தகம். சோரா பதினாறு வயதுப் பையன், ஓவியம் வரைபவன். நண்பர்கள் அடிக்கும் கேலிக்குத் தானும் சேர்ந்து சிரித்துவைப்பான். அந்தச் சிரிப்பு முகமூடியாக ஒட்டிக்கொள்வதைத் தகாமே படமாகவே காட்டியிருக்கிறார். காபிக்கடை நடத்தும் அமமியா என்ற பெரியவர், அவரும் ஆண்களை விரும்புகிறவர், அவனோடு நட்பாகிறார். முழுக்க நட்புதான். அவர் ஒரு காலத்தில் கல்யாணம் செய்து, குழந்தையும் பெற்று, அதிலிருந்து வெளியே வந்தவர். அதற்கு மற்றவர்கள் கொடுத்த விலையைக் கதை மூடி மறைப்பதில்லை. சோராவின் பால்யத் தோழி நாவோவுக்கும் கதையில் நல்ல இடம் உண்டு. நண்பனின் ரகசியம் தெரிந்த பிறகு தான் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை யோசிப்பதை எந்த அவசரமும் இல்லாமல் சொல்லியிருக்கிறார்.

மறுதையல்:

தகாமேயின் முந்தைய 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'-இல் கசுயா என்று ஒரு பள்ளிப் பையன் வருவானே. கனடாவிலிருந்து வந்திருக்கும், ஆணை மணந்த மைக்கைத் தேடி வந்து, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போவான். கதையில் அவனுக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான். எனக்கு அந்த மாங்காவில் மனசில் நிற்பது அவன்தான். மைக் அவனுக்குப் பெரிய அறிவுரை எதுவும் சொல்வதில்லை. அப்படி ஒரு மனிதர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அக்கா, உங்கள் தங்கை உங்களைத் தேடி வந்து சொன்னதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நீலமை:

சரி, 'ஷிமனாமி'யைக் கொடுக்கிறேன். நான் முதலில் நான்கையும் படித்துவிடுகிறேன். 'அவர் கலர்ஸ்' அப்புறம், அவள் கேட்டால். படித்தாயா, பிடித்ததா, யார் மாதிரி உணர்ந்தாய் என்று நச்சரிக்கப் போவதில்லை.

அடுத்தவரி:

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே தற்கொலை எண்ணம் வருகிறது, வகுப்பில் நடக்கும் கேலியும் பச்சையாகவே இருக்கிறது. பூடகமாகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிடுங்கள்: "ஆரம்பம் கனமாக இருக்கும், அந்தப் பையன் பிழைத்துக்கொள்கிறான், நடுவில் நிறுத்த வேண்டும் போல இருந்தால் நிறுத்திவிடு." முடிவைச் சொல்லிவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். அவன் பிழைப்பது முன்கூட்டியே தெரிந்தாலும் இந்தக் கதையில் எதுவும் குறைந்துபோகாது. அவள் எப்போதாவது அந்த மாதிரி எண்ணத்தைப் பற்றிப் பேசினால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காமல் இருக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், கூடவே இருங்கள், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்றால் அவளிடம் சொல்லிவிட்டே கூப்பிடுங்கள்.