கலைச்சொல் வேண்டும்: பேச்சாளரை விரைந்து வரையும் கேரிகேச்சர் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

வடிவமைப்பு மாநாட்டில் பேச்சாளர் பேசி முடிப்பதற்குள் அவரைக் கேரிகேச்சராக வரைந்து முடிப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் படியில் ‘கேலிச்சித்திரம்’ என்று இருக்கிறது. பேச்சாளர் அங்கே விருந்தினர், அவரைக் கேலி செய்வதாகத் தொனிக்கக் கூடாது என்கிறார் பதிப்பாசிரியர். ‘கருத்துப்படம்’ அரசியல் கார்ட்டூனுக்கு என்று ஆகிவிட்டது, அதைத் தொட முடியாது. வினையாகவும் வரக்கூடிய சொல்லாக இருந்தால் நல்லது.
– த.

*

கேலி, சித்திரம் இரண்டுமே வடமொழி. வீட்டிலேயே சொல் இருக்கிறது. ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என நகைக்கு நான்கு களன் சொல்கிறார் தொல்காப்பியர். முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள்: எள்ளோவியம். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், புணர்ச்சியிலும் பழுதில்லை.
– செ.

*

செ. ஐயா, அட்டையில் ‘எள்ளோவியம்’ என்று போட்டால் எள்மேல் வரைகிற நுண்கலை என்றுதான் நினைப்பார்கள். அரிசியில் பெயர் எழுதுகிறவர்கள் இருக்கும்போது இதுவும் நடக்கும். அதோடு எள்ளல் என்றால் இகழ்ச்சி. கேலிக்குப் பயந்து எள்ளலிடம் போவதா?
– வ.

*

கேரிகேச்சர் என்ற ஒலியைக் கவனியுங்கள். கரியால் கீறுவது: கரி + கீற்று = கரிக்கீற்று. நம் சொல்தான் கடல் கடந்து போய்த் திரும்பியிருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ள என்ன தயக்கம்?
– பொ.

*

பொ. அவர்களே, அது இத்தாலிய ‘கரிகாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. பாரம் ஏற்றுதல் என்று பொருள். அதற்கும் மூலம் வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்ற இலத்தீன் சொல். தெருவில் ஓடும் காரும் அந்த வேர்தான். அடுத்து காரும் தமிழ் என்று கிளம்பிவிடாதீர்கள்.
– வ.

*

கார் என்றால் கருமை. கரியும் கருமை. யோசியுங்கள்.
– பொ.

*

வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமா?

முதலில், கரி இந்த வேலைக்கே ஆகாது. இருட்டு அரங்கில் கையெல்லாம் அப்பும், ஏட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் பதியும். அதை நிலைக்கச் செய்யும் தெளிப்பானைக் கூட்டத்துக்கு நடுவே அடிக்க முடியாது. பிரஷ் பேனா ஒன்று, 0.5 மி.மீ. மைப்பேனா ஒன்று, ஏ5 ஏடு போதும். தாள் வழுவழுப்பாக இருக்கக் கூடாது, மை காயாமல் இழுபடும்.

நேர் எதிரே உட்கார்ந்தால் மைக் வாயை மறைக்கும், மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. முக்கால் முகம் தெரிகிற ஓர இருக்கைதான் சரி. இருபது நிமிடப் பேச்சு என்றால் முதல் இரண்டு மூன்று நிமிடம் பேனாவைத் திறக்கவே கூடாது. பேசுகிறவர் தன்னையறியாமல் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவார். ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவார், ஒருவர் மேசையில் முழங்கை ஊன்றுவார். அந்த நிலையை வரைய வேண்டும். பாதியில் ஆள் நகர்ந்தாலும் மறுபடி அங்கே வருவார், விட்ட கோட்டை அப்போது முடிக்கலாம். பிறகு தீப்பெட்டி அளவில் மூன்று படம், ஒவ்வொன்றும் அரை நிமிடம். எதில் ஆள் தெரிகிறாரோ அதைப் பெரிதாக வரைய ஐந்தாறு நிமிடம்: தலையின் வெளிக்கோடு, அப்புறம் புருவமும் மூக்கும், கடைசியில் வாய். பல்லுக்குப் பல் கோடு இழுத்தால் முப்பது வயதுக்காரர் அறுபதாகிவிடுவார். மேல்வரிசையை ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிட வேண்டும்.

இந்தக் கலை பெரிதாக்குவது உறுப்பை அல்ல, உறுப்புகளுக்கு இடையே உள்ள விகிதத்தை. நெற்றியை ஏற்றினால் தாடையைக் குறைத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கினால் பெரிய தலை கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். ஆக இதில் கேலி கட்டாயமில்லை, மிகைதான் கட்டாயம். மிகையோவியம் என்று வையுங்கள்.
– மா.

*

மா. அம்மா சொல்வதற்கு வள்ளுவரே சாட்சி: ‘மிகைநாடி மிக்க கொளல்’. கேரிகேச்சர் வரைய இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.
– வ.

*

ஆள் தேர்வுக்குச் சொன்ன குறளை வைத்து மூக்கை நீட்டுகிறீர்கள். மிகைக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. வேண்டுமானால் நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ என்பதை எடுங்கள். வண்ணம் தீட்டாத கோட்டு வடிவம் என்பதே நச்சினார்க்கினியர் உரை. வண்ணத்துக்கு நேரமில்லாத உங்கள் வேலைக்கு அச்சாகப் பொருந்தும்.
– செ.

*

அதே உரையில் நச்சினார்க்கினியர் ‘சித்திரம்’ என்றுதான் எழுதுகிறார், ஐயா. அவருக்கு ஆகும் சொல் நமக்கு ஆகாதா? புனையா ஓவியம் எல்லாக் கோட்டுப் படத்துக்கும் பொது, மிகை அதில் எங்கே? கேலிச்சித்திரத்தையே வைத்துக்கொண்டு முன்னுரையில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதாதா? தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்.
– நா.

*

விரைவும் பெயருக்குள் வர வேண்டாமா? விரைவரை, வினைத்தொகை.
– பொ.

*

விரை என்றால் விதை, மணம், இன்னும் ஒன்றும் உண்டு. வரை என்றால் மலை, மூங்கில், எல்லை. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும்?
– வ.

*

அனைவருக்கும் நன்றி. பெயர்ச்சொல்லாக ‘மிகையோவியம்’ போகிறது. வினைக்குப் புதுச்சொல் இல்லை, ‘மிகைப்படுத்தி வரை’ என்றே விட்டுவிடுகிறேன். நா. சொன்னதற்காகச் சொல்லடைவில் ‘கேலிச்சித்திரம் – காண்க: மிகையோவியம்’ என்று ஒரு வரி. தீப்பெட்டி அளவுப் படத்துக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. இன்று மாலைக்குள் யாராவது சொன்னால் சேர்க்கலாம்.
– த.

*

சொல்லடைவிலும் அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து, பதிவு செய்துகொள்ளுங்கள். சிறிய படத்துக்கு: உகிரோவியம். உகிர் என்றால் நகம்.
– செ.

*

நகத்தில் பூ வரைவது என்று நினைப்பார்கள். ‘சிறுபடம்’ போதும், த.
– மா.