மருத்துவமனையில் தங்கியிருப்போருக்குக் கொடுக்க ஏற்ற உணவு எது?

கேள்வி:
எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளைகளுக்குத் துணையாகத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெற்றோருக்கு, ஞாயிறுதோறும் வீட்டிலேயே சமைத்த மதிய உணவைப் பொட்டலமாகக் கொடுக்க விரும்புகிறோம். வெயிலில் எளிதில் கெடாத உணவு எது?

பதில்:
புளியோதரைதான், அம்மா. நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை புளிக்காய்ச்சலைக் கொதிக்கவிட்டு, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகு பிசையுங்கள். தேங்காய்ச் சட்டினியும் உருளைக்கிழங்கு மசாலாவும் வேண்டாம்; முதலில் ஊசிப்போவது அவைதான். தயிர் சாதமானால் பாலைக் கூட்டித் தயிரைக் குறையுங்கள்.

பதில்:
மேலே சொன்னது சரியே. ஆயினும் சோறு எதுவானாலும் சமைத்த 2 மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். ஏனெனில் அரிசியிலுள்ள ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சோ மீண்டும் சூடாக்கினாலும் நீங்குவதில்லை. வாழையிலையில் கட்டுங்கள். செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது.

பதில்:
மருத்துவமனை நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வாங்குவோரைப் படம் எடுக்கவே வேண்டாம்; பிள்ளையின் நோயோடு போராடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அது பெரும் கூச்சத்தைத் தரும். சமைக்க இயலாத வாரங்களில், வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலைக்கு அரிசியும் பருப்பும் அனுப்பலாம்.